ஒரு ட்யூப் நீலம்

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இப்போது டிசைன் ரூமுக்கு ஆள் எடுக்கும்போது கண்ணைச் சோதிக்கிறார்களாம். புள்ளி புள்ளியாக நிறம் தெளித்த படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்களாம். பெருமாநல்லூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது கார்த்தி சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான். அவன் அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் பிரிப்பவன். "ஒருத்தன் வந்தானுங்ணா. நல்ல கை. ஆனா எந்தப் படத்தைக் காட்டுனாலும் ஒண்ணுந் தெரியலீங்கறான். அன்னிக்கே பஸ் ஏத்தி உட்டுட்டாங்க." வந்தவன் பேர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றான்.

பேச்சோடு பேச்சாக, "நீங்க எப்படிங்ணா கலர் கத்துக்கிட்டீங்க? உங்க பூவை இன்னும் சொல்றாங்க" என்றான். பஸ் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தாலும் அது பஸ் ஸ்டாப்பில் நின்று சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் பரிதாபப்பட வேண்டாம். பரிதாபம் எனக்கு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. அதில்தான் நான் வரைகிற வேலையே போனது.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான். செம்பருத்திச் செடியில் பூ இருக்கிறதா என்று அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும். கடையில் தக்காளி பொறுக்கினால் காயும் பழமுமாக வீட்டுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் இலைக்குச் சிவப்பு அடித்து வைத்து வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியிருக்கிறேன். கண் கோளாறு என்று வெளியே தெரிந்தால் பெண் கிடைக்காது என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். கல்யாணமான புதிதில் ரோசி ஒரு சேலையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது அவளிடம் சொன்னேன். "இம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு தக்காளி வாங்குவது அவள் பொறுப்பு. நீலமும் மஞ்சளும் எனக்கு எல்லாரையும்போலவே தெரியும். அதிலும் நீலத்தில் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்தவன் நான். முதலில் கட்டிங்கில் துணி தூக்கினேன். கிறிஸ்துமஸுக்குக் கம்பெனிச் சுவரில் சாக்பீஸால் குடில் வரைந்ததைப் பார்த்துவிட்டு என்னை ட்ரேசிங்கில் போட்டார்கள். நிறம் தெரியாதவன் நிறம் பிரிக்கிற வேலைக்குப் போனான் என்றால் சிரிப்பீர்கள். அந்த வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கண்ணாடி மேசை, அதன் அடியில் ட்யூப்லைட். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற பையர் அனுப்பிய டிசைனைக் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் பிலிமை விரிக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு பிலிம். அந்த நிறம் டிசைனில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பிலிமில் கறுப்பு மையால் வரைந்து நிரப்ப வேண்டும். ரோஜாவுக்கும் கறுப்பு, இலைக்கும் கறுப்பு. வெளிச்சம் புகாத கறுப்பாக இருந்தால்தான் துணியில் அச்சடிக்கிற ஸ்க்ரீனில் உருவம் விழும். பனியன் துணி இழுபடும் என்பதால் ஒரு நிறம் அடுத்த நிறத்துக்கு அடியில் மயிரிழை நுழைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளும்போது நடுவில் வெள்ளை பல்லிளிக்கும். அந்த மயிரிழையில் எனக்குக் கை நின்றது. நிறத்தின் பெயர் எதற்கு? பையர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஷேட் நம்பர் வைத்திருந்தார்கள். பிலிம் மூலையில் அந்த நம்பரை எழுதிவிட்டால் மை கலக்குகிறவன் பார்த்துக்கொள்வான்.

நம்பர் போடாமல் டிசைன் வந்தால் மட்டும் எனக்கு ஆபத்து. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். எரிந்து விழுவேன். "அம்புக்குறி போட்டு எல்லாத்துக்கும் ஷேட் நம்பர் எழுதிக் கொண்டாங்க. பெறவு கலர் மாறிப்போச்சுன்னு என்கிட்ட வந்து நின்னா நான் பொறுப்பில்ல" என்று தாளைத் திருப்பி நீட்டுவேன். பையர்களின் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டு வருவார்கள். நாளடைவில், ஞானமுத்து அண்ணன் ரொம்பக் கண்டிப்பு, தொழில் சுத்தம் என்று பேராகிவிட்டது. பயந்தவனுக்குக் கிடைத்த நல்ல பேர். இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பிரிவுக்கு இன்சார்ஜ் நாச்சிமுத்து. தறிக்குடும்பம், பழனிக்குக் காவடி எடுக்கிறவர். நெற்றி நிறையத் திருநீறு, கசங்காத வெள்ளைச் சட்டை. அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. துணி கூட்டுகிற அம்மாவிடமும் "கொஞ்சம் நகந்துக்கிறீங்களா" என்பார். நாம் நின்றுகொண்டிருந்தால் அவரும் எழுந்து நிற்பார். எதையும் நேரடியாகச் சொல்ல மாட்டார், கேள்வியாகத்தான் கேட்பார். "நாளைக்குள்ள ஆயிருமுங்களா?" என்றால் இன்றைக்கே வேண்டும் என்று அர்த்தம். எங்கள் ஊர்ப்பக்கம் முதலாளிக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அரைமணி நேரத்தில் அவரே கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பார். நாச்சிமுத்துவுக்குக் கோபமும் கிடையாது, அதற்குப் பிறகு வருகிற சமாதானமும் கிடையாது. கெட்ட சேதி என்றால் ஆளைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, முதலில் டீ சொல்லுவார். எங்கள் பிரிவில் யாருக்காவது அவர் டீ சொன்னார் என்று தெரிந்தால் மற்றவர்கள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் போயிருக்கும், ட்ரேசிங்கில் இருந்த எல்லாருக்கும் சேர்த்து டீ வந்தது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பிலிம் இனி மெஷினிலேயே வந்துவிடும் என்றார். "உங்களையெல்லாம் உட்டுப்போடுவமுங்களா? பேக்கிங்ல வேலை இருக்குதுங்க" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். பெண் குழந்தைகள் உடுப்புக்குப் பையர்கள் வாட்டர்கலர் பூக்கள் கேட்கிறார்கள், கையால் தண்ணீர் வண்ணத்தில் வரைந்ததுபோல் இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் பையன்களுக்கு பிரஷ் பிடிக்கத் தெரியாது. "உங்கள்ல ஆருக்காவது கத்துக்க இஷ்டமுங்களா? எங்க அக்கா பொண்ணு விமலா ராயபுரத்துல கிளாஸ் எடுக்குதுங்க. கத்துக்கிட்டு வந்தீங்கன்னா டிசைன் ரூமுலயே இருந்துக்கலாம்."

மற்றவர்கள் பேக்கிங் போதும் என்றார்கள். நான் கை தூக்கினேன். அதற்குக் காரணம் இருந்தது. பேக்கிங் என்றால் ஒரு பெட்டியில் இத்தனை சிவப்பு, இத்தனை பச்சை, இத்தனை நீலம் என்று நிறம் பார்த்து அடுக்குகிற வேலை. அங்கே யாரும் நம்பர் எழுதித் தர மாட்டார்கள். ட்யூபில் வருகிற வண்ணத்துக்காவது பேர் ஒட்டியிருக்கும். பிரஷ் என் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பேக்கிங்கில் ஒரே நாளில் பிடிபட்டுவிடுவேன். அவ்வளவுதான் கணக்கு.

திருப்பூரிலேயே இருக்கிற ராயபுரத்தில் விமலா டீச்சர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளாஸ். என் வயதுக்கு ஆம்பிளை நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வீட்டம்மாக்களும். "கோயிலுக்குப் போவாம படம் வரையப் போறிய. ஆண்டவர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்று ரோசி சடைத்துக்கொண்டாள். அவள்தான் என் வண்ணத்தட்டின் குழிகளுக்குப் பக்கத்தில் ஊசியால் எழுத்துக் கீறிக் கொடுத்தவளும். சிவப்புக்கு 'சி', பச்சைக்கு 'ப', காவிக்கு 'கா'. கூர்ந்து பார்த்தால் ஒழிய வெளியே தெரியாது. கீறி முடித்ததும், "ட்யூபை மாத்திப் பிதுக்கிராதிய" என்றாள்.

டீச்சருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் பாடத்திலேயே நான் மொத்தமாகத் தோற்றேன். மேகம் வரையச் சொன்னார். நான் வானம் முழுக்க நீலம் அடித்துக் காயவைத்து, அதன்மேல் வெள்ளை போஸ்டர் கலரால் மேகம் வைத்தேன். எங்கள் பிரிண்டிங்கில் வெள்ளையும் ஒரு நிறம், அதற்கும் ஒரு ஸ்க்ரீன் உண்டு. "ஏனுங்ணா, பேப்பரே வெள்ளையாத்தானுங்க இருக்குது. அதை உட்டுவெச்சாப் போதாதுங்களா?" என்றார் டீச்சர். வரையாமல் விட்ட இடம்தான் மேகம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அடுத்தது இன்னும் மோசம். தாளை நனைத்து, ஈரத்திலேயே ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒன்று மற்றதற்குள் ஓடிக் கலந்தது. நான் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் அதற்கு ப்ளீடிங் என்று பேர். ஒரு பீஸில் ப்ளீடிங் வந்தால் லாட் மொத்தமும் ரிஜெக்ட், பிரிண்டருக்கு அன்றைக்கு அர்ச்சனை. வாழ்க்கை முழுக்க நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தொடாமல் காவல் காத்தவன் நான். டீச்சரோ ஓடிப்போன இடத்தைக் காட்டி, "இங்க பாருங்க, எவ்வளவு அழகாப் போயிருக்குது" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சரியென்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரமும் நான் ஒவ்வொரு நிறத்தையும் காயவைத்து, இடைவெளி விட்டு வரைந்தேன். "இது டீ சர்ட்டுங்ணா" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது.

ஆனால் நிலக்காட்சிக்கு வந்தபோது எனக்குக் கை கூடிற்று. தூரத்து மலை வெளிறும், நடுவில் இருக்கிற தோப்பு கொஞ்சம் அடர்ந்திருக்கும், கிட்டத்தில் இருக்கிற மரம் கறுத்துத் தெரியும். அது நிறம் பார்க்கிற வேலை இல்லை, வெளிச்சம் பார்க்கிற வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்கு வேறு எதை வைத்தும் பொருளைப் பிரிக்கத் தெரியாது. மற்றவர்கள் பச்சைக்குப் பக்கத்தில் பச்சை வைத்துவிட்டு ஏன் படம் தட்டையாக இருக்கிறது என்று விழித்தார்கள். என் படத்தில் மரத்துக்குப் பின்னால் நடந்து போகலாம் போல இருந்தது. டீச்சர் அதைச் சுவரில் ஒட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் நான் ராயபுரத்திலிருந்து வீடு வரைக்கும் நடந்தே போனேன். சந்தோஷத்தில் பஸ் ஏற மறந்துவிட்டது. வேலைக்காகப் போனவன், வேலை மறந்து ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

மாட்டிக்கொண்டது குன்னத்தூரில். அங்கே டீச்சரின் சொந்தக்காரர் சோளக்காட்டுக்கு எங்களை வேனில் கூட்டிப்போய், கண்ணில் பட்டதை வரையுங்கள் என்று விட்டார்கள். செம்மண், அதில் சோளம், வரப்போரம் தென்னை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டம்மா ஒருவர், நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், அழுக்காக இருக்கிறதே என்று என் தட்டைக் கழுவி, ட்யூப்களைப் பிதுக்கியும் வைத்திருந்தார். நல்ல மனசு. எந்தக் குழியில் எதைப் பிதுக்கினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுத்தை நம்பி வரைந்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங், காடு பூராவும் தீப்புடிச்சுருச்சுங்களா?" என்று கேட்டார்.

தாளைக் கவிழ்க்கக்கூடக் கை வரவில்லை. டீச்சர் வந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணா வேணும்னேதானுங்க மாத்திப் போட்டிருக்காரு. மாடர்ன் ஆர்ட்டுங்க" என்று சொல்லி எல்லாரையும் சாப்பாட்டுக்கு அனுப்பினார். ஆட்கள் போனதும் வரப்போரத்து மிளகாய்ச் செடியிலிருந்து ஒரு பழத்தையும் ஒரு பச்சைக்காயையும் பறித்து என் முன்னால் நீட்டினார்.

"எது பழமுங்ணா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "தொட்டுப் பாத்தாச் சொல்லிருவேன் டீச்சர். பாத்து மட்டும் சொல்லுன்னா முடியாது. ஒங்க மாமாட்டச் சொல்லப் போறியளா?"

"நான் எதுக்குங்க சொல்றேன்? ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் அந்த மிளகாய்களையே கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் பையிலிருந்து இண்டிகோ நீலம் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார். "உங்களுக்கு இது ஒண்ணு போதுமுங்ணா. மத்ததெல்லாம் பையில போட்டுருங்க."

அந்த ஒரு ட்யூப் நீலத்தில் நான் வரைந்ததுபோல் வேறு எதையும் வரைந்ததில்லை. தண்ணீர் கூடினால் விடியற்காலை, குறைந்தால் மையிருட்டு, நடுவில் எத்தனையோ. கம்பெனிக்குப் பின்னால் பொட்டல் காட்டில் எருக்கு மண்டிக் கிடந்தது. கொத்துக் கொத்தாக அந்தப் பூ, தடித்த இலை, பால் வடிகிற காம்பு. அதை நீலத்தில் வரைந்தேன். ஓடிக் கலக்கிறதைக் கலக்க விட்டேன், வெள்ளையை விட்டுவைத்தேன். நாச்சிமுத்து அந்தத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரே கலருங்களா? அப்ப ஒரே ஸ்க்ரீனுங்களா?" என்றார். ஸ்க்ரீன் குறைந்தால் செலவு குறையும். அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் குழந்தைக்கு எருக்கம்பூவைச் சூட்ட மாட்டார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு அதெல்லாம் தெரியாதே. பையர் ஒரே பார்வையில் சரி என்றுவிட்டான். ஃபிராக், நைட்டி, கைக்குழந்தைச் சட்டை என்று அந்தப் பூ ஓடிற்று. பிறகு அதே பூவை வேறு வேறு மையில் கேட்டார்கள். ஷேட் நம்பர் அவர்களே கொடுத்தார்கள். டிசைன் ரூமில் அதற்கு அண்ணன் பூ என்று பேர் வைத்தார்கள். எனக்கு ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. நாற்பது வயதுக்கு மேல்தான் நான் பயமில்லாமல் வேலைக்குப் போனேன். அது எப்படிப்பட்ட சுகம் என்று பயத்திலேயே சம்பாதித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நாச்சிமுத்து தன் ரூமுக்குக் கூப்பிட்டார். போனேன். "உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

டீ வருகிறவரைக்கும் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். வந்ததும் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "போன வாரம் விமலா ஊட்டுல விசேசமுங்க. உங்களப் பத்தித்தான் பேச்சு. சிவப்பு பச்சையே தெரியாமெ இப்படி ஒரு மனுசன் வரையறாருன்னு, வந்தவங்ககிட்டயெல்லாம் உங்க படத்தைக் காட்டிச்சு. ரொம்பப் பெருமையாச் சொல்லுச்சுங்க."

நான் டம்ளரைத் தொடவில்லை.

"எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க. இத்தனை வருசம் எப்படிச் சமாளிச்சீங்க? கஷ்டமா இருந்திருக்குமுங்களே" என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டார். அதுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிறது. "டிசைன் ரூமுல நாளைக்குக் கலர் சரின்னு ஷேட் அப்ரூவல்ல கையெழுத்துப் போடோணும்னு வந்தா உங்களுக்குச் சிரமமில்லீங்களா?"

"ஒரு பீஸ் காட்டுங்க சார்" என்றேன். "இத்தன வருசத்துல என் கையில கலர் மாறிப் போன ஒரு பீஸ் காட்டுங்க. நான் இப்பமே எந்திரிச்சுப் போயிருதேன்."

"பீஸ் இல்லீங்க. ஒண்ணுகூட இல்லீங்க. அதைத்தான் நானும் முதலாளிகிட்டச் சொன்னேன்."

ஆக முதலாளி வரைக்கும் போய்விட்டது.

"பின்ன என்ன சார்?"

அவர் நெற்றித் திருநீறு உதிராமல் கைக்குட்டையால் வியர்வையை ஒற்றிக்கொண்டார். "இனிமே வந்துருச்சுன்னா? பையருக்கு நாளைக்கு விசயம் தெரிஞ்சுருச்சுன்னு வெச்சுக்குங்க. கலர் தெரியாத ஆளை டிசைன்ல வெச்சிருக்கீங்களான்னு கேட்டா நான் என்னங்க பதில் சொல்றது? உங்க நல்லதுக்கும் சேத்துத்தானுங்க சொல்றேன். பேக்கிங்ல போயி இருந்துக்கறீங்களா? சம்பளத்துல ஒரு குறையும் வராதுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார். "சார், பேக்கிங்லதான் சார் கலர் வேணும். சிவப்புல இத்தன, பச்சையில இத்தனன்னு பெட்டியில அடுக்கணும். படம் வரையக் கண்ணு வேண்டாம் எனக்கு, நீலம் போதும். பெட்டி அடுக்கத்தான் வேணும்" என்றேன். அந்த நேரத்திலாவது அவருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். உறைத்தது, ஆனால் வேறு மாதிரி. கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது.

"அதும் வாஸ்தவந்தானுங்க. நல்லவேளை சொன்னீங்க. அப்ப பெட்டி மேல மார்க் அடிக்கற வேலை பாத்துக்கறீங்களா? எல்லாமே கறுப்பு மைதானுங்க. உங்களுக்குத் தோதா இருக்கும்."

டீ ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் எழுந்தேன். அவரும் எழுந்து நின்றார்.

வேலையை விட்டிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், மகனுக்குப் பரீட்சை. எங்கே போவது? கலர் தெரியாதவன் என்ற சேதி எனக்கு முன்னால் எல்லாக் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அட்டைப்பெட்டிகளின்மேல் எழுத்து வெட்டிய தகரத்தை வைத்து ஊர்ப்பேரும் எடையும் அடித்தேன். உள்ளே என் எருக்கம்பூ போட்ட ஃபிராக்குகள் போகும். புதிய புதிய நிறங்களில் போகும் என்று அடுக்குகிற பெண்கள் சொல்லுவார்கள். "அண்ணன் பூ இந்தத் தடவை என்ன ஜோரு தெரியுமா" என்பார்கள். அவர்களும் நல்லவர்கள்தான். இந்தக் கதையில் கெட்டவனே கிடையாது. யாரையாவது பிடித்து நாலு வார்த்தை திட்டலாம் என்றால் ஆள் இல்லை.

விமலா டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மாமா ஏதோ சொல்லியிருக்கிறார். வாசலிலேயே நின்று அழுதார். "சத்தியமா நான் கெடுக்கோணும்னு சொல்லலீங்ணா. பெருமை தாங்காமச் சொல்லிப்போட்டேன். இப்படி ஆகும்னு நெனைக்கலீங்க. மறுபடியும் கிளாசுக்கு வாங்கண்ணா." நான் உள்ளே போய்விட்டேன். ரோசிதான் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்ட பிறகு சொன்னாள்: "நீங்க கெட்டது நெனச்சுச் செஞ்சிருந்தா வாய் வலிக்க வைதிருப்பேன் டீச்சர். எனக்கும் மனசு ஆறிப்போயிருக்கும். இப்ப என்னத்தச் செய்ய? போயிட்டு வாங்க." டீச்சர் அதற்குப் பிறகு வரவில்லை. நானும் ராயபுரம் பக்கம் போகவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நியாயமில்லாத கோபம் என்று தெரிந்தே வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற அன்றைக்கு நாச்சிமுத்துதான் சால்வை போர்த்தினார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. "நம்ம ஞானமுத்து அண்ணன் மாதிரி ஒரு தொழில் சுத்தமான ஆளை நான் பாத்ததே இல்லீங்க" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். இறங்கும்போது, டிசைன் ரூமில் வைத்த என் எருக்கம்பூ அசலைக் கேட்டேன். "அதுங்களா? எங்க இருக்குதுன்னு பாக்கச் சொல்றேனுங்க" என்றார். பார்த்தார்களா என்று தெரியாது.

இப்போது வீட்டில் பொழுது போகவில்லை. பிள்ளைகள் கடைக்குப் போய் ஒரு ட்யூப் இண்டிகோவும் தாளும் வாங்கிவந்து கொடுத்தார்கள். மேசையில் வைத்துக் கொஞ்ச நாள் தொடாமல் இருந்தேன். பிறகு ஒரு காலையில் உட்கார்ந்தேன். தாளை நனைத்தேன். கை மறக்கவில்லை. மலை வந்தது, மலைக்குக் கீழே பனைகள் வந்தன, கிட்டத்தில் ஒரு எருக்கஞ்செடியும் வந்தது. முன்பைவிட நன்றாகவே வந்தது. ஈரம் காய்வதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

"ஏளா ரோசி, இது நீலந்தான?"

அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். ட்யூபில் இண்டிகோ என்று எழுதியிருக்கிறது. வீட்டில் வேறு ட்யூபே கிடையாது. பிறந்ததிலிருந்து நீலம் ஒரு நாளும் எனக்குத் தப்பியதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"நீலந்தான்" என்றாள்.

திரும்பிப் போய் மேசையில் உட்கார்ந்தேன். பிரஷை எடுத்து மறுபடியும் ட்யூபைப் பார்த்தேன். எழுந்து போய் அவளை இன்னொரு தடவை கேட்டேன்.